வில்லங்கம் ஏதுமில்லை: ஒரு கிரையப் பத்திரத்துக்கு உரை

தென்சென்னைப் புறநகரில் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் ஈச்சங்காடு, கோவிலம்பாக்கம், வெள்ளக்கல் எல்லாம் இன்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் இரண்டு தலைமுறைக்குள் மனைகளாகப் பிரிந்து, மனைகள் வீடுகளாகி, வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. இங்கே குடிவந்த குடும்பங்கள் பலவும் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கிய ஓர் எழுத்து உண்டு. அது கிரையப் பத்திரம். பீரோவில் நகையோடு சேர்த்துப் பூட்டி வைப்பார்கள். ஆனால் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. பத்திர எழுத்தர் வேகமாக வாசிப்பார், வாங்குபவர் தலையாட்டுவார், பெருவிரல் ரேகை வைத்தாகிவிடும்.

இலக்கியத்துக்கு உரை எழுதும் மரபு நமக்கு நீண்டது. பத்திரத்துக்கும் உரை வேண்டும் என்பது என் எண்ணம். அதில் வரும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே குரலில், ஒரே உறுதியோடு ஒலிக்கின்றன. உண்மையில் ஒன்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. இன்னொன்று விற்பவர் வாய்ச்சொல். வேறொன்று சட்டம் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் அனுமானம். மற்றொன்று வாங்குபவரின் நம்பிக்கை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நல்ல மனிதர்கள் நீதிமன்ற வராந்தாவில் பத்து வருஷம் நிற்கிறார்கள்.

பிரித்துப் பார்க்கும் சொற்கள் நம்மிடமே இருக்கின்றன. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் செல்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. ஒன்றை அறிவதற்கான வழிகளை அவன் காட்சி, கருதல், ஆகமம், ஐதிகம், அபாவம் உள்ளிட்ட பத்தாக அடுக்குகிறான். அதற்குப் பிறகு அறிவைப் போலவே தோன்றி அறிவாகாத எட்டையும் சொல்கிறான். அந்த எட்டில் மூன்று நமக்கு இங்கே வேண்டும். ஒன்று ஐயம். தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா என்று முடிவுக்கு வராத நிலை. இரண்டாவது தேராது தெளிதல். கட்டையைப் பார்த்துவிட்டு, கிட்டே போய் ஆராயாமலே ஆள்தான் என்று துணிந்துவிடுவது. மூன்றாவது நினைப்பு. தக்க காரணம் இல்லாமல், பிறர் சொன்னதையே உண்மை என்று மனத்தில் கொள்வது. இந்த மூன்றில் ஐயமே மேலானது என்று நான் கருதுகிறேன். ஐயப்படுகிறவன் இன்னும் விசாரிப்பான். மற்ற இருவரும் விசாரணையை முடித்துவிட்டவர்கள்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். ஒருவருடைய பத்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தில் எழுதப்படும் எந்தக் கிரையப் பத்திரத்திலும் ஏறக்குறைய இதே சொற்களில் வரும் தொடர்களை வரிசையாகப் பார்க்கிறேன்.

“எனக்குச் சுயார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபவத்தில் இருந்து வருகிறதும்”

இதில் இரண்டு செய்திகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பாத்தியம் என்பது உரிமை. அனுபவம் என்பது கையில் வைத்திருப்பது. இரண்டாவதைப் பார்க்கலாம். மனைக்குப் போனால் வேலி யார் போட்டது, உள்ளே யார் குடியிருக்கிறார், மின் இணைப்பு யார் பெயரில், பக்கத்து வீட்டுக்காரர் யாரை உரிமையாளர் என்கிறார் என்று தெரிந்துவிடும். இது காட்சி. முதலாவதை யாராலும் பார்க்க முடியாது. உரிமை கண்ணுக்குத் தெரியும் பொருளாக இல்லை. அதை வேறு தாள்களிலிருந்து கருதித்தான் அறிய வேண்டும்.

சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 110-ஆம் பிரிவில், ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்ல என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமும் இந்த விதியை விட்டுவிடவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு உரிமையைக் கருதலாம், மறுப்பவர் வந்தால் கேட்கலாம் என்பது இதன் பொருள். அதனால்தான் அனுமானம் என்ற சொல்லைச் சட்டத்தில் படிக்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் படிக்க வேண்டும்: எதுவரை? மாற்றுச் சான்று வரும்வரை.

பழைய சாட்சியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அனுமானத்தை மூன்று படியாக வைத்திருந்தது. நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ளலாம் என்பது முதற்படி. அதில் நீதிபதிக்கு விருப்பம் உண்டு. அனுமானித்தே ஆக வேண்டும், ஆனால் எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கலாம் என்பது இரண்டாம் படி. முடிந்த முடிவு, மறுக்கச் சான்றே அனுமதிக்கப்படாது என்பது மூன்றாம் படி. நிலம் வாங்குபவர் கையில் சேரும் தாள்களில் எதுவுமே மூன்றாம் படியில் இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், மேலே படிக்கப்போகும் தொடர்களின் எடை தானாகவே விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நிரூபிக்கப்பட்டது’ என்றால் என்ன என்று அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு விளக்கியபோது, நூற்றுக்கு நூறு உறுதியை அது கேட்கவில்லை. நீதிபதி அதை நம்ப வேண்டும், அல்லது விவேகமுள்ள ஒருவர் அதை நம்பிக் காரியத்தில் இறங்கும் அளவுக்கு அது நிகழக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவே. நிரூபணத்தின் அடியிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்பதைச் சட்டம் மறைக்கவில்லை. அது கேட்பதெல்லாம் அந்த நம்பிக்கை விவேகமுள்ளவருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான்.

“மேற்படி சொத்தை இன்னாரிடமிருந்து இன்ன எண் ஆவணப்படி கிரையம் பெற்று”

இது உரிமை வந்த வழியைச் சொல்லும் பகுதி. இங்கே சுட்டப்படுவதைத் தாய்ப்பத்திரம் என்பார்கள். தாய்ப்பத்திரத்துக்கும் ஒரு தாய் இருக்கும். ஒவ்வொரு விற்பனையும் முந்தைய விற்பனையின் மேல் நிற்கிறது. நடுவில் ஒன்று பழுதென்றால் அதற்கு மேல் உள்ள அத்தனையும் ஆடும். தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

வக்கீல்கள் வழக்கமாக முப்பது ஆண்டுகளுக்குப் பின்னே போய்ப் பார்ப்பார்கள். முப்பது ஆண்டு பழமையான ஆவணம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து உரியவருடையதுதான் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு சொன்ன விதி. பலர் இதைத் தவறாக விரித்துக்கொள்கிறார்கள். கையெழுத்து உண்மை என்றுதான் அனுமானம். எழுதியிருக்கும் செய்தி உண்மை என்று இல்லை. பழைய பத்திரம் என்பதற்காகவே அதில் சொன்னதெல்லாம் சரி என்பது தேராது தெளிதல்.

நடுவில் ‘பவர்’ என்னும் அதிகாரப் பத்திரம் வந்திருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் முகவரின் அதிகாரம் பொதுவாகப் போய்விடுகிறது. ஆகவே பவர் ஏஜெண்ட் எழுதிக்கொடுத்த கிரையம் ஒவ்வொன்றிலும், எழுதாத ஒரு வரி இருக்கிறது: கொடுத்தவர் அன்று உயிரோடு இருந்தார். அதற்குத் தனிச் சான்று இருந்ததா என்று கேட்க வேண்டும். பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்தாலே விற்பனை ஆகிவிடும் என்ற நினைப்பு நாடு முழுவதும் பல ஆண்டுகள் ஊறிப்போயிருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. பதிவு செய்த கிரையப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்று தெளிவாகச் சொன்னது.

“பட்டாவும் என் பெயரில் இருந்து வருகிறதும்”

நம் பக்கத்தில் பட்டா என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறெந்தத் தாளுக்கும் கிடையாது. “பட்டா இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறது என்றால் பாதி மனம் ஆறிவிடுகிறது. பட்டா வருவாய்த் துறையின் தாள். நிலவரி யாரிடம் கேட்பது என்பதற்காகப் பிறந்த பதிவு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 6-ஆம் பிரிவில், அந்தப் புத்தகத்தின் பதிவுகள் சரியானவை என்று அனுமானிக்க வேண்டும், மாறானது நிரூபிக்கப்படும் வரையில், என்கிறது. நாம் மேலே சொன்ன இரண்டாம் படி இது. வலுவான அனுமானம்தான். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்று 1996-இல் சவர்ணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதன்பின் வந்த தீர்ப்புகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகின்றன.

பட்டாவில் தவறு நுழையும் வழிகள் உண்டு. 1979-இல் தொடங்கி 1980-களில் தமிழகம் முழுக்க நடந்த யூ.டி.ஆர். பணியில் பழைய பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதினார்கள். அப்போது ஏறிய பெயர்ப் பிழைகளும் அளவுப் பிழைகளும் ‘யூ.டி.ஆர். தவறு’ என்ற பெயரோடு இன்றும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனுவாக வந்துகொண்டிருக்கின்றன. ஒரு தாத்தாவின் மூன்று பிள்ளைகளில் அப்போது ஊரில் இருந்த மூத்தவர் பெயர் மட்டும் ஏறியிருக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து அவர் பேரன் அதைக் காட்டி விற்கும்போது, வாங்குபவர் பார்ப்பது ஒரு பெயர்தான். மற்ற இருவருடைய வாரிசுகள் அந்தத் தாளில் இல்லை. ஆகவே பட்டாவோடு நில்லாமல் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்க வேண்டும். அந்தச் சர்வே எண் ஆதியில் எந்த வகையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்: பட்டா நிலமா, நத்தமா, மேய்க்காலா, ஏரிப் புறம்போக்கா.

தென்சென்னைப் புறநகரில் இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தனி அழுத்தம் கொடுக்க வேண்டும். கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, அவற்றின் நீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று நீர்வழிகள் பின்னிய பூமி இது. சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமானது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. “இங்கே முப்பது வருஷமா வீடு இருக்கு, ஏரின்னு யார் சொல்றா?” என்பது ஐதிகம். ஊர் வழங்கும் சொல். ஏரியின் எல்லையைப் புலப்படம் சொல்லும், மழைக்காலம் சொல்லும்.

“இந்தச் சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் ஏதுமில்லை”

பத்திரத்தின் நடு நெஞ்சு இந்தத் தொடர். கிரையம், அடமானம், ஈடு, தானம், உயில், பாகம், ஜப்தி, ஜாமீன், கோர்ட் வியாஜ்யம் என்று நீளமாகப் பட்டியலிட்டு, எதுவும் இல்லை என்று முடியும். இல்லாததை எப்படி அறிவது? அளவை நூலார் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். அபாவம், தமிழில் இன்மை. மேசைமேல் குடம் இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம்? இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. இந்த அறிவு சரியாக வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. இருந்தால் கண்ணில் படும் என்பது முதலில் உறுதியாக இருக்க வேண்டும். இருட்டறையில் நின்று குடம் இல்லை என்று சொல்ல முடியாது.

வில்லங்கச் சான்றை இந்த நிபந்தனையோடு படியுங்கள். குறிப்பிட்ட சார்பதிவாளர் அலுவலகத்தில், குறிப்பிட்ட சர்வே எண்ணின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களின் பட்டியல் அது. பதிவான ஆவணங்கள் மட்டும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலேயே இல்லை. ஆகவே எங்கோ ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும் உயில் இதில் தெரியாது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை தெரியாது. அப்பா இறந்ததும் பிள்ளைகளுக்கு வந்த உரிமை எந்தப் பத்திரமும் இல்லாமலே வந்துவிடுவதால் அதுவும் தெரியாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு தானாக இதில் ஏறிவிடாது. சர்வே எண் உட்பிரிவாகும் முன் பழைய எண்ணில் பதிவான ஆவணம், புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் நழுவிவிடலாம். கவனமாகத் தேடியிருந்தாலும் விடுபட்டவற்றுக்குத் துறை பொறுப்பாகாது என்ற குறிப்பைச் சான்றிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

ஆக, ‘இல்லை’ என்று சான்று சொல்லும்போது அது சொல்வது ‘எங்கள் புத்தகத்தில், நீங்கள் கேட்ட எண்ணில் இல்லை’ என்பதே. விற்பவர் பத்திரத்தில் ‘இல்லை’ என்று எழுதும்போது அவர் சொல்வது ‘எனக்குத் தெரிந்து இல்லை’ என்பது. வாங்குபவர் காதில் இரண்டும் சேர்ந்து ‘உலகத்திலேயே இல்லை’ என்று விழுகிறது. ஒரே ‘இல்லை’ மூன்று வெவ்வேறு உறுதிகளோடு நிற்கிறது. விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அவருக்கே தெரியாத அத்தை ஒருத்தி எங்கோ இருக்கலாம்.

அடமானம் பற்றி மட்டும் ஒரு சொல். அசல் தாய்ப்பத்திரம் விற்பவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் மட்டும் காட்டி, “அசல் தொலைஞ்சு போச்சு” என்றால் அதைத் தொலைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வங்கியில் ஈடாக இருக்கலாம் என்பதும் அதே அளவுக்கு நியாயமான யூகம். காவல் நிலையச் சான்று, பத்திரிகை விளம்பரம் எல்லாம் அந்த யூகத்தைக் குறைக்கும், போக்கிவிடாது.

“என்னைத் தவிர வேறு யாருக்கும் எவ்வித பாத்தியமும் இல்லை”

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வீட்டுப் பெண்களை நினைக்கிறது. “பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, அவளுக்குச் சொத்துல பங்கு கேட்கிற எண்ணமே இல்லை” என்பது நம் குடும்பங்களில் நம்பிக்கையாக வழங்கும் வாக்கியம். கேட்கப்பட வேண்டியவளைத் தவிர மற்ற எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவள் மனத்தில் இருப்பதை அவள் அண்ணன் யூகித்துச் சொல்வது, பத்திரத்தில் வந்ததும் உண்மையாகிவிடுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பது தெளிவு. தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளும் மகனும் சமம். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அதற்குமுன் திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை நாடு முழுவதற்கும், திருமணமானவர்களுக்கும் விரித்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது என்று சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் வாரிசுச் சான்றில் இருக்கும் மகள் பெயர் பத்திரத்தில் இல்லாமல் போகிறது. விடுதலைப் பத்திரம் எழுதித் தரவில்லை என்றால் அவள் பங்கு அங்கேயேதான் இருக்கிறது. வாங்குபவர் தம் நலத்துக்காகவேனும் அந்தப் பெண்ணை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். அவளுக்கு உரியது அவளிடம் கேட்கப்பட்டது என்ற நியாயமும் அதில் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

“பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுக்கவும்”

முந்தைய தொடர் இல்லை என்றது. இந்தத் தொடர், இருந்தால் என்ன செய்வது என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பத்திரம் தன்னைப் பற்றித் தானே உண்மை பேசுவது தெரியும். வில்லங்கம் இல்லை என்பது விற்பவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அவர் வைக்கும் பிணை இது. பிணையின் மதிப்பு பிணை கொடுப்பவரின் மதிப்பு. வீட்டை விற்றுவிட்டு அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போய்விட்டவரின் பிணையை எங்கே தேடுவது?

“தங்கள் விசாரணையின் பேரில் திருப்தி அடைந்து”

சில பத்திரங்களில் இந்தத் தொடர் வரும். வந்தாலும் வராவிட்டாலும் சட்டம் அதை எழுதியதாகவே எடுத்துக்கொள்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டவருக்கும், பெரும் கவனக்குறைவால் விட்டவருக்கும், அது தெரியும் என்றே கொள்கிறது. பதிவான ஆவணம் தெரிந்ததாகவே கொள்ளப்படும். மனையில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதுவும் தெரிந்ததாகவே கொள்ளப்படும். “எனக்குத் தெரியாதுங்க” என்ற சொல் நீதிமன்றத்தில் நிற்காத இடம் இது. வாடகைக்காரர் என்று சொல்லப்பட்டவர் விற்பனை ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவராக இருந்தால்? கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டியது வாங்குபவர் கடமை.

“நான்கெல்லைக்கு உட்பட்ட சற்றேறக்குறைய 1200 சதுரடி”

சற்றேறக்குறைய என்ற சொல்லை மட்டும் நான் பாராட்டுகிறேன். பத்திரம் முழுவதிலும் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் சொல் இது ஒன்றுதான். 2400 சதுரடி ஒரு மனை, 1200 அரை மனை. சங்கிலி வைத்து அளந்த காலத்து எண்ணும் இன்று கருவி வைத்து அளக்கும் எண்ணும் ஒத்துப்போகாது. அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லைக்கே முதலிடம் தருவது நீதிமன்றங்களின் பொது வழக்கு. சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, நான்கு பக்கத்தாரும் பார்க்க முடித்துவிடுவது நல்லது.

எழுத்தில் வராதவை

பத்திரத்தில் இல்லாமல், பத்திரத்தை எழுத வைக்கும் பேச்சு ஒன்று உண்டு. தரகர் பேச்சு. “மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ லைன் வருது சார், கோவிலம்பாக்கத்துலயே ஸ்டேஷன்.” இது உண்மை. வழித்தடத்துக்கான வேலை கண்ணெதிரே நடக்கிறது. ஆகவே விலை இரட்டிப்பாகும் என்று அவர் சேர்த்துச் சொல்வது யூகம். உண்மையோடு ஒட்டி வருவதால் யூகத்துக்கும் அதே நிறம் வந்துவிடுகிறது.

“அப்ரூவல் வந்துடும் சார்” என்பது இன்னொன்று. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, இப்படி ‘வந்துடும்’ என்ற சொல்லை நம்பியவர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. அந்தத் தேதிக்கு மறுநாள் நம்பியவருக்கு?

மூன்றாவதுதான் மிகவும் வலுவானது: “பேங்கே லோன் கொடுக்குது சார், அப்புறம் என்ன?” வங்கி கொடுக்கிறது, வங்கி ஏமாறாது, ஆகவே பத்திரம் சரி என்று கருதுகிறோம். நல்ல அனுமானம்தான், ஒரு கண்ணி மட்டும் பலவீனம். வங்கியின் வக்கீல் தருவது கருத்துரை. தம்முன் வைக்கப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில் என்று அவர் முதல் வரியிலேயே எழுதியிருப்பார். வைக்கப்படாத ஆவணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. வழக்கு வந்து சொத்து கைவிட்டுப் போனாலும் கடன் வாங்கியவர் தவணை கட்டியே ஆக வேண்டும். வங்கிக்கு அவர் சம்பளமும் ஈடு.

சார்பதிவாளரின் முத்திரை

கடைசிப் பக்கத்தில் விழும் முத்திரைதான் நம் மக்களை மிகவும் திடப்படுத்துகிறது. அரசாங்கமே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டது என்ற நினைப்பு. பதிவுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு அந்தச் சான்றுக்குக் கொடுக்கும் பயன், ஆவணம் முறைப்படி பதிவானது, எழுதிக்கொடுத்தவர் வந்து ஒப்புக்கொண்டார் என்பதை நிரூபிக்க மட்டும். எழுதிக்கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பது சார்பதிவாளரின் வேலையில் இல்லை. மூல ஆவணத்தைக் கொண்டுவராவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு 55-ஏ என்ற விதியைச் சேர்த்துப் பார்த்தது. 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று நீக்கியது. உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்குத் தாய்ச்சட்டத்திலேயே இல்லை என்பது காரணம்.

வேறு வழி உலகத்தில் இருக்கிறது. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை, அதற்கு அரசு பொறுப்பு. மலேசியத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் அதன் கீழ் வாழ்கிறார்கள். இலங்கை 1998-இல் உரிமைப் பதிவுச் சட்டம் இயற்றி, பிம் சவிய என்ற பெயரில் நடத்திவருகிறது. இங்கே ராஜஸ்தான் 2016-இல் நகர நிலத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது, நிதி ஆயோக் 2020-இல் மாதிரிச் சட்டம் தந்தது. தமிழ்நாட்டில் நம் கையில் இருப்பது இன்றும் அனுமான உரிமைதான்.

அது மாறும்வரை ஒன்றைக் கேட்கலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துச் சொத்து மதிப்பில் பொதுவாக 9 சதவீதம் கட்டுகிறார் வாங்குபவர். ஐம்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம். அதற்குப் பதிலாக இதையாவது செய்யலாம். ‘இந்தப் பதிவு உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது, உரிமையை வாங்குபவரே விசாரித்துக்கொள்ள வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் பதிவுத் துறை ஒவ்வொரு பத்திரத்தின் முதல் பக்கத்திலும், எல்லோரும் படிக்கும் அளவு எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். கையெழுத்துக்கு முன் சார்பதிவாளர் அதை வாங்குபவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.